முப்பது வருடம் கழித்து வந்த பாட்டு: அட்டா காக் விஷயத்தில் எது பழசு, எது புதுசு?

கானா நாட்டு எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் அட்டா காக், 2025-ல் ‘பட்டகாரி’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். செய்தியைப் படிக்கும் யாருக்கும் ஒரு குழப்பம் வரும். 2015-லேயே இவர் பெயரில் ஒரு ஆல்பம் வந்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடியது. அப்படியிருக்க, இப்போது வந்ததை ‘முப்பது வருடத்துக்குப் பிறகு வரும் முதல் புது இசை’ என்று எப்படிச் சொல்கிறார்கள்? 2015-ல் வந்தது எந்தக் கணக்கில் சேரும்?

இதற்கு விடை தெரிய, அவர் யார், அந்த முதல் கேசட் எப்படி உருவானது, அது எப்படிக் காணாமல் போய் எப்படிக் கைக்கு வந்தது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும். பழைய ஆப்பிரிக்கப் பதிவுகள் மறுபடி வெளியாகும்போதெல்லாம் எழும் கேள்விகளுக்கும் அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

## ஆளும் கேசட்டும்

அட்டா காக்கின் இயற்பெயர் யாவ் அட்டா-ஒவுசு. கானாவின் அக்கான் மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவார்கள். யாவ் என்றால் வியாழக்கிழமை பிறந்த ஆண். 1960-ல் பிறந்த இவர் 1985-ல் ஜெர்மனிக்குப் போனார். அங்கே ஒரு ரெக்கே குழுவில் டிரம்ஸ் வாசித்தார். 1989-ல் கனடாவுக்கு, டொரண்டோ நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கானாக்காரர்களின் ஹைலைஃப் (கானாவின் நடன இசை) குழு ஒன்றில் சேர்ந்தார். அப்புறம் சொந்தமாகக் கருவிகள் வாங்கி, வீட்டிலேயே உட்கார்ந்து ஏழு பாட்டுகளைப் பதிவு செய்தார்.

அந்த ஏழு பாட்டுகளின் தொகுப்புதான் ‘ஒபா சீமா’. அக்கான் மக்கள் பேசும் ட்வி மொழியில் ‘குணத்தில் குறையில்லாத பெண்’ என்று பொருள்படும் சொல். உள்ளே இருப்பது மூச்சுவிட இடம் கொடுக்காத ட்வி ராப், நடுநடுவே பெண் குரலில் பல்லவி, அடியில் டிரம் மெஷினும் சிந்தசைசரும். நியூயார்க் ஹிப்-ஹாப்பை ஒரு காதாலும் கானா ஹைலைஃபை இன்னொரு காதாலும் கேட்டு வளர்ந்த ஒருவர் செய்த இசை என்பது முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும். தனி ஆளாக ஒருவர் இவ்வளவு மகிழ்ச்சியை ஒரு ஒலிநாடாவுக்குள் அடைத்துவைத்தது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

1994-ல் கேசட் கானாவில் வெளியானது. போட்டது சுமார் 50 பிரதிகள். விற்றது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வாதம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

2002-ல் பிரையன் ஷிம்கோவிட்ஸ் என்ற அமெரிக்க மாணவர் கானாவின் கேப் கோஸ்ட் நகரத் தெருக்கடை ஒன்றில் அந்த 50-ல் ஒன்றை வாங்கினார். 2006-ல் ‘ஆசம் டேப்ஸ் ஃப்ரம் ஆப்பிரிக்கா’ என்ற வலைப்பதிவைத் தொடங்கியபோது, முதல் பதிவாக அவர் போட்டது இந்தக் கேசட்டைத்தான். பாட்டு இணையத்தில் பரவியது. பாடியவர் யார், எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஷிம்கோவிட்ஸ் பல வருடம் தேடினார். கடைசியில் டொரண்டோவில் இருந்த மகன் மூலமாகத் தகப்பனின் இருப்பிடம் தெரிந்தது. அவர் 2006-லேயே கனடாவை விட்டுக் கானாவுக்குத் திரும்பியிருந்தார். வலைப்பதிவு தொடங்கிய அதே வருடம்.

2015-ல் ‘ஒபா சீமா’ முறையாக மறுவெளியீடு கண்டது. 2016-லிருந்து அட்டா காக் ஐரோப்பிய மேடைகளில் பாடத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

## ‘புதிய வெளியீடு’ என்றால் மூன்று அர்த்தம்

இசைத்தொழிலில் ‘புதிய வெளியீடு’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

1. மறுவெளியீடு. முன்பே விற்பனைக்கு வந்த பதிவை, ஒலியைச் சீர்செய்து, புது உறை போட்டு மறுபடி விற்பது. 2015-ன் ‘ஒபா சீமா’ இந்த வகை. பொருள் புதுசு, பாட்டு பழசு.

2. கிடப்புப் பதிவு. அந்தக் காலத்திலேயே பதிவானது, ஆனால் அப்போது வெளியாகவில்லை. பெட்டிக்குள் கிடந்த நாடாவை எடுத்து முதல் முறையாக வெளியிடுவது. கேட்பவருக்குப் புதுசு, பாடியவருக்குப் பழசு. நைஜர் நாட்டு இசைக்கலைஞர் மம்மன் சானியின் 1978 கேசட்டை சஹேல் சவுண்ட்ஸ் நிறுவனம் 2013-ல் மறுவெளியீடு செய்தது. அதன் பிறகு, 1980-களில் அவர் பதிவு செய்து வெளிவராமல் கிடந்தவற்றைத் தனித் தொகுப்பாகக் கொண்டுவந்தது. முதலில் வந்தது முதல் வகை, அடுத்து வந்தது இரண்டாம் வகை.

3. புதுப் பதிவு. கலைஞர் இன்று உட்கார்ந்து, இன்றைய கருவியில், இன்றைய குரலில் செய்தது. ‘பட்டகாரி’ இந்த வகை.

முதல் இரண்டிலும் இசை பற்றிய முடிவுகள் எல்லாம் அந்தக் காலத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டன. இன்று மிச்சம் இருப்பது எதை வெளியிடுவது, எப்படி ஒலிக்க வைப்பது, எந்தப் படத்தை உறையில் போடுவது என்பதுதான். அவற்றைப் பெரும்பாலும் நிறுவனமே முடிவு செய்கிறது. மூன்றாம் வகையில்தான் கலைஞர் மறுபடி தன் நாற்காலியில் உட்காருகிறார். எனவே 2025-ன் செய்தியை 2015-ன் செய்தியோடு சேர்த்துப் படிக்கக் கூடாது.

## கானாவின் பாட்டு ஏன் டொரண்டோவில் பதிவானது?

ஹைலைஃப் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய கானா ‘கோல்டு கோஸ்ட்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது உருவானது. ராணுவ பேண்டு வாத்தியங்கள், கடலோரத்துக் கள்ளுக்கடை கிட்டார் இசை, அக்கான் பாட்டுகள் எல்லாம் கலந்து பிறந்த நடன இசை. 1950-களில் ஈ.டி. மென்சாவும் அவருடைய டெம்போஸ் குழுவும் அதை மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கக் கொண்டுபோனார்கள். அதற்குப் பெரிய குழு வேண்டும். டிரம்பெட், சாக்ஸபோன், கிட்டார், தாளக் கருவிகள் என்று மேடை நிறைய ஆட்கள். அவர்களுக்குச் சம்பளம், கருவிகளுக்குச் செலவு, ஆட வருகிற கூட்டம், இரவு முழுக்கத் திறந்திருக்கும் அரங்கு எல்லாம் வேண்டும்.

1980-களின் தொடக்கத்தில் இதில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. 1979-லும் 1981 கடைசி நாளிலும் விமானப்படை அதிகாரி ஜெர்ரி ராலிங்ஸ் தலைமையில் ஆட்சிக் கவிழ்ப்புகள் நடந்தன. 1982 முதல் 1984 வரை இரவு ஊரடங்கு. இரவில் வெளியே போக முடியாத ஊரில் நடனக் குழு எப்படிப் பிழைக்கும்? போதாததற்கு 1983-ல் கடும் வறட்சி, காட்டுத்தீ, பஞ்சம். அதே வருடம் நைஜீரியா தன் நாட்டில் இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கானாக்காரர்களை வெளியேற்றியது. இறக்குமதி வரி ஏறியதில் இசைக்கருவி வாங்குவதே கனவாகிவிட்டது. பல கலைஞர்கள் தேவாலயங்களில் ஒதுங்கினார்கள். கையில் வழி இருந்தவர்கள் வெளிநாடு கிளம்பினார்கள்.

ஜெர்மனிக்குப் போனவர்கள் அங்கே செய்த இசைக்குக் கானாவில் ‘பர்கர் ஹைலைஃப்’ என்று பெயர். ஹாம்பர்க் போன்ற ஜெர்மன் நகரங்களிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களை ஊரில் ‘பர்கர்’ என்று அழைத்ததிலிருந்து வந்த பெயர் அது. 1983-ல் வந்த ஜார்ஜ் டார்கோவின் ‘அக்கூ தே ப்ரோஃபோ’ இந்த வகையைப் பிரபலமாக்கிய பாட்டு. பத்துப் பேர் குழுவின் இடத்தை டிரம் மெஷினும் சிந்தசைசரும் எடுத்துக்கொண்டன. இதை ஏதோ மேற்கத்திய மோகம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. பத்துப் பேரை வேலைக்கு வைக்க வழியில்லாத புலம்பெயர்ந்த தொழிலாளி, வார இறுதியில் தனியாக இசை செய்ய வேண்டுமென்றால் அவர் கையில் இருந்த ஒரே வழி அதுதான்.

அட்டா காக் ஜெர்மனிக்குப் போனது 1985-ல். அவருடைய கதை இந்தப் பெரிய கதையின் ஒரு கிளை.

## ஒரு அறைக்குள் ஒரு குழு

‘ஒபா சீமா’வில் பயன்பட்டவை: ஒரு சிந்தசைசர், 12 ஒலிகளைத் தனித்தனித் தடத்தில் பதியும் ஒரு 12-டிராக் பதிவுக் கருவி, ஒரு அட்டாரி கணினி, அதில் ‘நோட்டேட்டர்’ என்ற மென்பொருள். இவை என்ன வேலை செய்தன என்று தெரிந்தால் அந்த இசை ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதும் புரியும்.

முதலில் ‘மிடி’. இது கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி. 1983-ல் நடைமுறைக்கு வந்தது. மிடி கம்பியில் ஓசை போகாது, கட்டளைதான் போகும்: இந்தக் கட்டையை அழுத்து, இவ்வளவு வேகத்தில் அழுத்து, இப்போது விடு. ஸ்வரம் எழுதிய தாளைப் போல நினைத்துக்கொள்ளலாம். தாள் பாடாது, தாளைப் பார்த்து யாரோ வாசிக்க வேண்டும். இங்கே வாசிப்பது சிந்தசைசர்.

அந்தத் தாளை எழுதி, திருத்தி, திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கும் மென்பொருளுக்கு ‘சீக்வென்சர்’ என்று பெயர். நோட்டேட்டர் அப்படி ஒன்று. ஹாம்பர்க்கைச் சேர்ந்த சி-லேப் நிறுவனம் செய்தது. இன்று ஆப்பிள் கணினிகளில் இசையமைப்பாளர்கள் பயன்படுத்தும் ‘லாஜிக்’ அதன் வழி வந்ததுதான். 1985-ல் வந்த அட்டாரி எஸ்.டி. கணினியில் மிடி கம்பி செருகும் துளைகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தன. மற்றக் கணினிகளுக்கு அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சாதாரண வருமானக்காரர்களின் வீடுகளுக்குள் ஸ்டூடியோ நுழைந்தது இந்தச் சின்னத் துளைகள் வழியாகத்தான்.

இதனால் இரண்டு விளைவுகள்.

ஒன்று, சீக்வென்சர் எழுதும் தாளம் களைப்பதில்லை. நான்கு மாத்திரை வட்டத்தை எழுதிவிட்டால் ஐந்து நிமிடமும் அது அசையாமல் ஓடும். அடித்தளம் அவ்வளவு உறுதியாக இருப்பதால் மேலே பாடுகிறவர் எப்படி வேண்டுமானாலும் தாவலாம். அட்டா காக்கின் ராப் தாளத்துக்கு முன்னும் பின்னும் துள்ளுவதை அந்தக் கேசட்டில் கவனித்துக் கேளுங்கள். கீழே இருப்பது இயந்திரம் என்பதால்தான் மேலே இருக்கும் மனிதர் இவ்வளவு சுதந்திரமாக ஒலிக்கிறார்.

இரண்டு, சரி தவறு சொல்ல அறையில் வேறு ஆள் இல்லை. பல்லவிக்கு வந்த பெண் குரலைத் தவிர, பெரும்பாலான முடிவுகள் அவருடையவை. ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் ஒருவர் இருந்திருந்தால் ‘இங்கே கொஞ்சம் அடக்கு’ என்று சொல்லியிருப்பார். யாரும் சொல்லவில்லை. அந்த அடங்காத தன்மையைத்தான் இருபது வருடம் கழித்து உலகம் கொண்டாடியது.

## மூலம் அழிந்தது, நகல் பிழைத்தது

2015 மறுவெளியீட்டுக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. ‘ஒபா சீமா’வின் மூலப் பதிவு ‘டேட்’ எனப்படும் டிஜிட்டல் ஒலிநாடாவில் இருந்தது. மறுவெளியீட்டு வேலை தொடங்கியபோது அது கெட்டுப்போயிருந்தது. கேப் கோஸ்ட் தெருவில் வாங்கிய சாதாரணக் கேசட்டிலிருந்துதான் ஒலியை எடுத்துச் சீர்செய்ய வேண்டியிருந்தது.

டிஜிட்டல் மூலம் அழிந்து, விலை மலிவான கேசட் நகல் பிழைப்பது எப்படி? இரண்டு நாடாவுக்கும் அகலம் ஒன்றுதான், 3.81 மில்லிமீட்டர். வித்தியாசம் அதன் மேல் எழுதும் விதத்தில் இருக்கிறது. ஸ்டீரியோ கேசட்டில் ஒவ்வொரு ஒலித்தடமும் சுமார் 0.6 மில்லிமீட்டர் அகலம். டேட் நாடாவில் ஒரு தடத்தின் அகலம் சுமார் 0.0136 மில்லிமீட்டர். அதாவது தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. சுழலும் உருளை ஒன்று நாடாவின் மேல் சாய்வாக, அடுத்தடுத்து, நெருக்கி நெருக்கிக் கோடு கிழிப்பதுபோல எழுதும்.

இப்போது வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த ஊரில், பெட்டிக்குள் கிடந்த நாடாவில் ஒரு சின்னப் பூஞ்சைப் புள்ளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேசட்டில் அது தடத்தின் ஒரு பகுதியை மறைக்கும். ஓசை கொஞ்சம் மங்கும், ‘கரகர’ என்று கேட்கும், பாட்டு ஓடும். டேட் நாடாவில் அதே புள்ளி ஒரே நேரத்தில் பல தடங்களை விழுங்கிவிடும். சின்னப் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு டேட்டில் உண்டு. அதனால் சேதம் ஓரளவு வரை வெளியே தெரியாது. அந்த அளவைத் தாண்டினால் ஒரேயடியாகக் கைவிரித்துவிடும்.

கேசட்டிலிருந்து எடுக்கும்போது இன்னொரு கேள்வியும் வரும்: வேகம். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும் என்பது விதி. ஆனால் பிரதி எடுக்கும் இயந்திரத்தின் மோட்டார் சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓடினால், சுருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்தே மாறும். 6 சதவீதம் வேகம் கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், நிமிடத்துக்கு 120 அடி இருந்த தாளம் 127 ஆகிவிடும். மூலம் கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்யலாம். இல்லையென்றால் ரசிகர்கள் வருடக்கணக்கில் கேட்டுப் பழகிய வேகமே ‘சரியான’ வேகம் ஆகிவிடும். பழைய பதிவுகளின் மறுவெளியீடுகளில் இது அடிக்கடி வரும் பிரச்சினை. கலைஞர் அறையில் என்ன கேட்டார் என்பதும், நாம் என்ன கேட்கிறோம் என்பதும் வேறு வேறாக இருக்கலாம்.

## ‘மறுகண்டுபிடிப்பு’ என்ற சொல் எவ்வளவு சரி?

இந்த வகைச் செய்திகள் எல்லாவற்றிலும் வரும் சொல் ‘மறுகண்டுபிடிக்கப்பட்ட கலைஞர்’. இதை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருவரை மறுபடி கண்டுபிடிக்க வேண்டுமென்றால், முதலில் ஒரு முறை அவர் அறியப்பட்டிருக்க வேண்டும்.

நைஜீரியாவின் வில்லியம் ஒன்யேயாபோரை எடுத்துக்கொள்வோம். எனுகு நகரத்தைச் சேர்ந்த அவர் 1977 முதல் 1985 வரை, சிந்தசைசர்கள் நிறைந்த ஆல்பங்களைத் தானே தயாரித்து வெளியிட்டார். தன் நாட்டில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. பிறகு கிறிஸ்தவ நம்பிக்கையில் ஆழ்ந்து, அந்த இசையைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். 2013-ல் லுவாகா பாப் நிறுவனம் அவருடைய பாட்டுகளின் தொகுப்பை வெளியிட்டபோது மேற்குலகம் ‘மர்ம மனிதர்’ என்று எழுதியது. எனுகுவில் அவர் மர்ம மனிதராக இருந்ததில்லை. அங்கே அவர் தொழிலதிபர், ஊர்ப் பெரியவர்.

அட்டா காக்கின் நிலை இதற்கு நேர்மாறு. வெறும் 50 பிரதிகள் போட்ட கேசட்டைக் கானா மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கானா அதை முதலில் கேட்கவே இல்லை. இவருக்கு 2006-க்கு முன்னால் ரசிகர்கள் என்று ஒரு கூட்டம் இல்லை. ஆக, நடந்தது மறுகண்டுபிடிப்பு ஆகாது. முதல் வெளியீடே பன்னிரண்டு வருடம் தாமதமாக, வேறு கண்டத்தில், பாடியவருக்கே தெரியாமல் நடந்தது.

இதில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. 2006-லிருந்து 2015 வரை அந்தப் பாட்டுகள் இணையத்தில் இலவசமாகச் சுற்றின. டிஜேக்கள் வாசித்தார்கள், ஆடினவர்கள் ஆடினார்கள். அந்த ஒன்பது வருடமும் அவருக்கு ஒரு காசு வரவில்லை. கேட்கப்படுகிறோம் என்ற சந்தோஷமும் அதில் பெரும்பகுதிக் காலம் கிடைக்கவில்லை. வலைப்பதிவு இல்லையென்றால் அந்தக் கேசட் அழிந்தே போயிருக்கும் என்பதும் உண்மை. ஷிம்கோவிட்ஸ் பிறகு வலைப்பதிவை இசை நிறுவனமாக மாற்றி, லாபத்தைக் கலைஞரோடு சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். கடன் முழுக்கத் தீர்ந்ததா என்பது வேறு. குறைந்தபட்சம் கடன் இருப்பதை ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது.

## புதுப் பதிவு எதை மாற்றுகிறது?

இப்போது 2025-க்கு வருவோம். ‘பட்டகாரி’ என்பது வட கானாவில் கைத்தறியில் நெய்த பட்டைகளை இணைத்துத் தைக்கும் தொளதொள மேலாடை. 1957 மார்ச் 6 அன்று விடுதலைத் தலைவர் க்வாமே என்க்ருமாவும் அவருடைய தோழர்களும் கானாவின் விடுதலையை அறிவித்தது இந்த ஆடையை அணிந்துதான். வடக்கிலிருந்து வந்து நாட்டுக்கே பொதுவாகிவிட்ட ஆடை. டொரண்டோ அறையில் தொடங்கிய பயணம் வந்து நிற்கும் தலைப்பு இது.

இப்படி ஒரு புதுப் பதிவு வருவதால் என்னென்ன மாறுகிறது?

1. உரிமை தெளிவாகிறது. பழைய பதிவுகளில் யாரிடம் உரிமை என்பதே பெரிய தலைவலி. ஒப்பந்தம் தொலைந்திருக்கும், நிறுவனம் மூடியிருக்கும், உடன் வாசித்தவர்கள் பெயர்கூட உறையில் இருக்காது. அட்டா காக்கே தயாரித்த கேசட் என்பதால் அவருக்கு அந்தச் சிக்கல் குறைவு. புதுப் பதிவில் அது இன்னும் சுலபம். யார் எழுதியது, யார் வாசித்தது, யாருக்கு எவ்வளவு என்பதை வேலை தொடங்கும்போதே எழுதிக்கொள்ளலாம்.

2. ஒப்பீடு தொடங்குகிறது. இதுதான் கஷ்டமான விஷயம். பழைய பாட்டை விரும்புகிறவர்கள் அதன் கரகரப்பையும் சேர்த்தே விரும்புகிறார்கள். சுத்தமான ஒலியில் புதுப் பாட்டு வந்தால் ‘அந்த மாதிரி இல்லையே’ என்பார்கள். பழைய மாதிரியே செய்தால் ‘அதையே திரும்பச் செய்கிறார்’ என்பார்கள். ஆனால் 1994-ல் அவர் பழைய ஒலியைத் தேடிப் போகவில்லை. அன்றைக்குக் கைக்கு எட்டிய கருவியைத்தான் வாங்கினார். அவருடைய பழக்கத்துக்கு உண்மையாக இருப்பது என்றால், இன்றைய கருவியை எடுப்பதும் அதில் அடங்கும்.

3. குரல் மாறியிருக்கிறது. முப்பதுகளில் பாடிய குரலும் அறுபதுகளில் பாடும் குரலும் ஒன்றாக இருக்காது. இடையில் அவர் மேடைகளில், உடன் வாசிக்கும் குழுவோடு பாடிப் பழகியிருக்கிறார். ‘ஒபா சீமா’வைச் செய்தபோது அவருக்கு எதிரில் கூட்டம் இல்லை. இப்போது அந்தக் கேசட்டில் உள்ள ‘தா ந்யினா’ பாட்டைத் தொடங்கினால், அந்த மொழி தெரியாத ஊரிலும் கூடவே பாடுகிறார்கள். கூட்டத்தை அறிந்தவர் எழுதும் பாட்டும் அறியாதவர் எழுதும் பாட்டும் வேறு.

4. மொழி மறுபடி முக்கியமாகிறது. ட்வி, சுருதி மாறினால் சொல்லின் பொருளும் மாறும் மொழி. உயர்ந்த தொனி, தாழ்ந்த தொனி என்று இரண்டு உண்டு. ராப் பாடும்போது மெட்டு தளர்ந்து பேச்சு முன்னால் வருவதால், அந்த ஏற்ற இறக்கமே பாட்டின் இசை ஆகிவிடுகிறது. பொருள் தெரியாதவர்களும் ரசிக்க முடிந்ததற்கு இது ஒரு காரணம். ஆனால் 1990-களின் நடுவில் ரெஜி ராக்ஸ்டோன் போன்றவர்கள் ட்வி ராப்பை ‘ஹிப்லைஃப்’ என்ற பெரிய அலையாக மாற்றிவிட்டார்கள். இன்று கானாவில் ட்வி ராப் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. சொல் சொல்லாகப் புரிந்து கேட்கக்கூடிய அவர்கள் கைக்கு, பெர்லினுக்குப் போகும் அதே நாளில் பாட்டு போகிறது. 1994-ல் இது நடக்கவில்லை.

இந்தப் பாதையில் அவருக்கு முன்னால் நடந்தவர் ஒருவர் இருக்கிறார். எத்தியோப்பியாவின் ஹைலு மெர்கியா வாஷிங்டனில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய 1985 கேசட்டை ஷிம்கோவிட்ஸின் நிறுவனம் 2013-ல் மறுவெளியீடு செய்தது. அவர் மேடைக்குத் திரும்பினார். 2018-ல் ‘லலா பெலு’ என்ற புது ஆல்பமும் செய்தார். அவர் கிழக்கு ஆப்பிரிக்கர், இசையும் வேறு. வரிசை மட்டும் ஒன்றுதான்: முதலில் பழைய கேசட், பிறகு மேடை, அதன் பிறகு புதுப் பாட்டு. அந்த வரிசையின் நடுவில் இருக்கும் மேடையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வாசித்து வாசித்துத்தான் கை மறுபடி வருகிறது.

ஒன்யேயாபோருக்கு அந்தக் கடைசிக் கட்டம் வரவில்லை. அது அவருடைய தேர்வு. தொகுப்பு உலகம் முழுக்க ஓடியபோதும் அவர் பழைய இசைக்குத் திரும்ப மறுத்துவிட்டார். 2017 ஜனவரியில் காலமானார். அவருடைய பாட்டுகளை மற்றவர்கள் குழு அமைத்து மேடைகளில் வாசித்தார்கள், அவர் அந்த மேடைகளில் ஏறவில்லை.

அட்டா காக் ஏறினார், பாடினார், பிறகு புதிதாக எழுதவும் செய்தார். கெட்டுப்போன டேட் நாடாவையும் தெருக்கடைக் கேசட்டையும் நம்பி நிற்க வேண்டிய நிலை ‘பட்டகாரி’க்கு இல்லை. எந்த வேகத்தில் பாடினார், எந்தச் சுருதியில் பாடினார் என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை, அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.